நாலரைக்குத் திறந்த அறுபத்து நான்கு இணைப்புகள்

போன வாரம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர் மூடியைத் திருகித் திறந்ததும் அந்த வாடை வந்தது. மூக்கின் உள்பக்கம் லேசாக எரியும் அமில வாடை. மனைவி ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். நான் அசையாமல் நின்றிருந்தேன். உங்களுக்கு அது வெறும் பேட்டரி. எனக்கு அது கீழ ராஜ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி.

அங்கே இரண்டு அறைகளில் எங்கள் மென்பொருள் அலுவலகம் இருந்தது. யு.பி.எஸ். பேட்டரிகள் நான்கும் என் மேசைக்கு அடியில்தான். கால் வைக்க இடமில்லாமல் ஆறு வருடம் நாற்காலியிலேயே சம்மணமிட்டு புரோகிராம் எழுதியவன் நான். உரிமையாளர் அடைக்கப்பன் அண்ணன், திருமயம் பக்கத்துக்காரர். உடன்பிறந்தவர்கள் எல்லாரும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகும், புதுக்கோட்டையில் கம்பெனி நடத்தியே தீருவேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். என்னிடம் அவருக்குப் பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றுதான். எதையும் நேரத்தோடு எழுதி வைக்கும் என் டைரி. மழை பிடித்தது 3.12, டீ வந்தது 11.05 என்றுகூட எழுதுவேன். “ஒன் டைரிய கோர்ட்டுல சாட்சிக் கூண்டுல ஏத்தலாம்யா” என்பார்.

அந்த வருடம் ஒரு வாரியத்தின் எழுத்தர் வேலைக்கு மாவட்டத்து விண்ணப்பங்களைக் கணினி வழியாக வாங்கித் தரும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. குன்றாண்டார்கோவில், வல்லத்திராக்கோட்டை, ஆவுடையார்கோவில் என்று நாற்பது சொச்சம் ஊர்களில் கணினி மையங்கள். அவர்கள் அனுப்ப அனுப்ப, எங்கள் சர்வர் வாங்கி, தன் கடிகார நேரத்தை ஒவ்வொன்றிலும் பதித்து வைக்கும். கடைசி நாள் மாலை ஐந்துக்குள் நேரம் பதிந்தவற்றைத் தொகுத்து அனுப்ப வேண்டும். ஐந்துக்கு மேல் பதிந்தது செல்லாது.

அந்த சர்வர் புரோகிராமை எழுதியது நான். சாக்கெட் என்று சொல்வார்கள். சுவரில் பிளக் செருகுகிற ஓட்டை இல்லை. ஒரு கணினி இன்னொன்றோடு பேசுவதற்காக இரு முனையிலும் திறந்து வைக்கும் வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கிளினிக் போலத்தான் நானும் அமைத்திருந்தேன். உள்ளே அறுபத்து நான்கு இணைப்புகளுக்கு நாற்காலி. அது நிரம்பினால் வாசலில் ஐந்து பேர் காத்திருக்க ஒரு பெஞ்சு. ஏன் ஐந்து? நான் படித்த புத்தகத்தின் உதாரணத்தில் ஐந்து என்று இருந்தது. அதை எழுதியவருடைய ஊரில் எல்லாரும் ஒரே நிமிடத்தில் வருவதில்லை போலும்.

இன்னொரு பிழையும் செய்திருந்தேன், அதைக் கருணை என்று நினைத்துக்கொண்டு. உட்கார்ந்திருக்கும் இணைப்பு சொல்லிக்கொண்டு கிளம்பினால்தான் நாற்காலி காலியாகும். கரண்ட் போனாலோ மோடத்தை அணைத்தாலோ அந்தச் சொல் நம்மை வந்து சேராது. ஆள் போயிருப்பார், நாற்காலியில் அவர் பெயர் இருக்கும். இத்தனை நேரம் பேச்சில்லை என்றால் எழுப்பிவிடு என்று ஒரு கெடு வைக்க வேண்டும். கிராமத்து லைன் மெதுவானது, அவசரப்படுத்தக் கூடாது என்று நான் வைக்கவில்லை. போதாததற்கு, லைன் நின்றால் மோடத்தை அணைத்துப் போடவும் என்று நானே அச்சடித்து எல்லா மையங்களிலும் ஒட்டவைத்திருந்தேன்.

ஆவுடையார்கோவில் மையத்தில் சம்பளத்துக்கு இருந்து பார்த்துக்கொண்டவள் மரியசெல்வி. நான் அவளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தினமும் காலையில் போன் வரும். “அண்ணே, லைன் இருக்கா? கடையத் தொறக்கலாமா?” என்பாள். அவளும் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கப்போகிறாள் என்பது இரண்டாவது வாரத்தில்தான் தெரிந்தது. வயது வரம்பில் அவளுக்கு இதுதான் கடைசி. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவளுக்கு வயது தாண்டியிருக்கும். வாடிக்கையாளர்களுடையது எல்லாம் போகட்டும் என்று தன்னுடையதைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

கடைசி நாள் ஒரு ஆவணி மாதச் செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. மூன்று மணிக்கு வரத்து சட்டென்று நின்றது. எங்கேயோ கேபிள் அறுந்துவிட்டது என்று பதறி ஆவுடையார்கோவிலுக்குப் போன் போட்டேன். மரியசெல்வி சிரித்தாள்.

“கேபிளெல்லாம் நல்லாத்தான்ணே இருக்கு. செவ்வாக்கெழம மூணுலருந்து நாலர ராகுகாலம். எல்லாம் ஃபில்லப் பண்ணி வச்சுட்டு கடியாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க.”

“ஒனக்கென்னம்மா, நீ சர்ச்சுக்குப் போற ஆளு. ஒன்னோடத இப்பவே அனுப்பிரலாம்ல?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “மெசினே சும்மாத்தான் கெடக்கு. ஆனா ராகுகாலத்துல மொத பட்டன நான் தட்டுனா வந்திருக்க சனம் மொகத்த சுளிக்கும்ணே. மொதலாளி வேற இங்கிட்டே நிக்கிறாரு. நாலரைக்கு மொத ஆளாப் போட்டுருறேன்.”

நானும் சரி என்றேன். மாவட்டத்தில் நாற்பது மையங்களிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. உலகத்துச் சரித்திரமெல்லாம் படித்தவன். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் படிக்கவில்லை.

நாலரை மணிக்கு மாவட்டம் மொத்தமும் பட்டனைத் தட்டியது. ஒரு நிமிடத்துக்குள் அறுபத்து நான்கும் நிரம்பியது. பெஞ்சும் நிரம்பியது. வாசலில் இடம் கிடைக்காதவர்கள் சுவரில் ஒட்டியிருந்த என் தாளைப் படித்து மோடத்தை அணைத்துப் போட்டார்கள். அணைத்தபோது அதே மையத்தில் உள்ளே பேசிக்கொண்டிருந்த இணைப்பும் செத்தது. செத்தது என்று என் சர்வருக்குத் தெரியாது. 4.40க்கு என் திரையில் இருந்த அறுபத்து நான்கு பெயர்களில் முக்கால்வாசி பிணங்கள். அலுவலகத்தின் இரண்டு போன்களும் ஓயாமல் அடித்தன. ஒன்றை எடுத்துப் பேசிய அடைக்கப்பன் அண்ணன் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். மொத்தமாக நிறுத்தித் திரும்ப ஓட்டினால், பாதி வந்துகொண்டிருந்தவையும் போய்விடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அறுக்க வேண்டும்.

அறுத்தேன். ஒரே ஊரின் பெயர் இரண்டு முறை இருந்தால் பழையது பிணம், புதியது உயிர். இதுதான் நான் வைத்துக்கொண்ட கணக்கு. ஆவுடையார்கோவில் பெயரும் இரண்டு முறை இருந்தது. ஒன்று 4.31, மற்றது 4.44. பழையதிலிருந்து பத்து நிமிடமாக ஓர் எழுத்துகூட வரவில்லை. அறுத்தேன். அடுத்த ஊருக்குப் போனேன்.

5.02க்கு மரியசெல்வியின் போன்.

“அண்ணே, எங்கிட்ட ரெண்டு மெசினு. ஒண்ணுல என்னோடதப் போட்டுட்டு, இன்னொண்ணுல வந்தவங்களோடத அனுப்பிக்கிட்டு இருந்தேன். ஒரே லைனு, அவங்களோடது போகப்போக என்னோட போட்டோ ஏறாம நின்னுக்கிட்டு இருந்துச்சு. நான் மோடத்தத் தொடவே இல்லண்ணே. தானா அத்துப்போச்சு. மறுபடி போட்டுக்கிட்டே இருந்தேன், எடுக்கல.”

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு கணமும் யோசிக்கவில்லை அவர்.

“சர்வர் கடியாரத்த பத்து நிமிசம் பின்னாடி வையி. அந்தப் பொண்ணோடது ஒண்ணு ஏறட்டும். எவன் பாக்கப்போறான்?”

என் விரல்கள் விசைப்பலகை மீது இருந்தன. செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. “பதிவு பொய்யாயிரும்ணே” என்றேன். ஐந்து என்ற எண்ணைப் புத்தகத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்து எழுதியவன், உயிருள்ள இணைப்பை என் கையால் அறுத்தவன், அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் யோக்கியனாக இருந்தேன். அண்ணன் எழுந்து மாடிப்படியில் போய் நின்றார். போனில் அவள் இன்னும் இருந்தாள். அவர் சொன்னதும் நான் சொன்னதும் அவளுக்குக் கேட்டிருக்கும்.

“சரிண்ணே. நீங்க சங்கடப்படாதீங்க” என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரமே புரோகிராமைத் திருத்தினேன். கெடு வைத்தேன், பெஞ்சை நீட்டினேன். அடைக்கப்பன் அண்ணன் அதற்குப் பிறகு என் டைரியைப் பற்றிக் கேலி பேசவே இல்லை. ஆவுடையார்கோவிலிலிருந்து காலைப் போன் ஒரு மாதம் வந்தது. அதில் அவள் அன்றன்றைக்கு வந்த வேறு விண்ணப்பங்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்வாள். பிறகு வேறொருவர் குரல். அந்தப் பக்கம் போன ஒரு நாளில் விசாரித்தேன். மையம் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்றார்கள். அவள் திருப்பூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள், அதற்கு மேல் தெரியவில்லை.

இன்று ஜெராக்ஸ் கடையும் இல்லை, மாடியும் இல்லை. மையங்களும் போய்விட்டன, எல்லாரும் கையில் இருக்கும் போனிலேயே தட்டிவிடுகிறார்கள். அறுந்தால் அதுவே திரும்பக் கட்டிக்கொள்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. லைன் இருக்கா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் இந்தக் கதையைச் சொன்னால் இளையவர்கள், ஏன் சார், நேரக் கெடு வைக்காமலா எழுதினீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான்.

அன்றைக்கு அறுத்த இணைப்புகளை எல்லாம், பழக்கம் விடவில்லை, அவள் போனை வைத்த பிறகு உட்கார்ந்து டைரியில் வரிசையாக எழுதியிருக்கிறேன். நேரம், ஊர், காரணம் என்று மூன்று பத்தி. பன்னிரண்டாவது வரி என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 4.46, ஆவுடையார்கோவில், எதிர்முனையில் ஆள் இல்லை.