ஓவிடின் மூன்றாவது விளக்கு

ஓவிட் ஃபால்கூ படகுக்கு விளக்கு வாங்க வந்தால் டூப்ஸின் கடையில் சிரிப்பு கிளம்பிவிடும். அறுபது வயது வரை வழி பார்க்க ஒரு விளக்கே இல்லாமல் சதுப்பில் ஓடிய மனிதர் அவர். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய எங்கள் பக்கம் அந்தத் தலைமுறையே அப்படித்தான். விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வாத்து வேட்டைக்குப் படகை அவிழ்ப்பார்கள். நாணலின் கறுப்புக்கும் வானத்தின் கறுப்புக்கும் நடுவே இருக்கிற இத்தனூண்டு வித்தியாசத்தை நம்பி ஓட்டுவார்கள். சட்டத்துக்குப் பயந்து முன்னால் சிவப்பும் பச்சையும், பின்னால் ஒரு வெள்ளையும் எரியும். அந்த வெள்ளை விளக்கின் மேல்கூட ஒரு காலி காபி டப்பாவைக் கவிழ்த்து, ஒரு பக்கம் விரல் அகலத்துக்குக் கீறிவிட்டிருப்பார்கள். கேட்டால் கண் கூசுகிறது என்பார்கள். அதெல்லாம் சும்மா. அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வேறு எவனும் தன் குளத்துக்கு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். வாத்து இறங்குகிற குளத்தைச் சொந்த மச்சானுக்கும் காட்டாத ஆட்கள் நாங்கள்.

அப்பேர்ப்பட்டவர் இரண்டே மாதத்தில் மூன்றாவது விளக்கு கேட்டு வந்து நின்றால் டூப்ஸ் சும்மா விடுவாரா?

"என்ன ஓவிட், போன தடவ குடுத்தது என்ன ஆச்சு? அதப் போட்டா மெக்சிகோவுல கோழி கூவுமேப்பா."

"பத்தல."

"பத்தலயா! கிளுவை வாத்தெல்லாம் விடிஞ்சிருச்சுன்னு நெனச்சு முட்டை போட்டுறப் போவுது."

"பனியில ஒண்ணும் தெரியல டூப்ஸ். போட்ட உடனே வெள்ளச் சுவரு மாதிரி எழும்பி நிக்குது."

டூப்ஸ் கேலியை நிறுத்திவிட்டு வியாபாரத்துக்கு வந்தார். "வெள்ள வெளிச்சத்தப் பனியில அடிச்சா அப்படித்தான். மஞ்சள் வாங்கு. அத முன்மூக்குல மாட்டாத, கம்பம் நட்டு உன் தலைக்கு மேல ஏத்து. கீழ மாட்டினா படகு மூக்குல பட்டுப் பாதி வெளிச்சம் உன் கண்ணுக்கே திரும்பி வரும். எதிர்ல படகு வந்தா அணைச்சிரு, இல்லாட்டி அவன் குருடாயிருவான். சுவிட்ச் கைக்கு எட்டற எடத்துல இருக்கட்டும். நேரா ஓடற எடத்துல அணைச்சுட்டே ஓட்டு, திருப்பத்துல மட்டும் போடு. இருட்டுக்குப் பழகின கண்ணுதான்ப்பா எந்த விளக்கையும் விட நல்ல விளக்கு."

டூப்ஸ் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அது கண் உள்ளவனுக்குச் சொல்கிற புத்தி.

ஓவிடுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகப் புரை. பகலில் சமாளித்துவிடுவார். இருட்டில் ஒவ்வொரு விளக்கும் அவருக்குப் பருத்திக்காய் வெடித்தது மாதிரி ஒரு பஞ்சுப் பொதியாகத் தெரியும். பத்தடியில் இருக்கிறதா, அரை மைலில் இருக்கிறதா, படகா, வீடா, எதுவும் பிடிபடாது. வெளிச்சம் கூடினால் பார்வை கூடும் என்று நினைத்தார். வெளிச்சம் கூடக் கூடப் பஞ்சுதான் கூடியது. டாக்டரிடம் போனால் அறுக்க வேண்டும் என்பார்கள். அவருடைய அப்பாவின் கண்ணை அந்தக் காலத்தில் நகரத்தில் அறுத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அந்த மனிதர் கம்போ சூப் கிண்ணத்துக்குள் கரண்டி எங்கே என்று தடவிக்கொண்டிருந்தார். கரடியோ முதலையோ எதிரே வந்தாலும் ஓவிட் அசைய மாட்டார். கண்ணுக்கு நேரே கத்தி வருகிறது என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

தொழிலையும் விட முடியவில்லை. வெளியூர் ஆட்களைக் குளத்துக்குக் கூட்டிப்போய்ச் சுடவைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற வழிகாட்டி வேலை. அதற்கு உரிமம் உண்டு, உரிமத்துக்குக் கண் பரிசோதனை உண்டு. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதுவரை ஒப்பேற்றிவிடலாம் என்று அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கைவிளக்கை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுவது. "இன்னைக்கு நீங்கதான் என் கண்ணு" என்று சொல்லி அவர்களை முன்னால் உட்காரவைப்பார். பல் டாக்டரும் வக்கீலும் புளகாங்கிதம் அடைந்துபோவார்கள். "இடப்பக்கம் ஏதோ தெரியுது ஓவிட்" என்பார்கள். "என்னன்னு நெனக்கிறீங்க?" என்று இவர் வாத்தியார் மாதிரி கேட்பார். "மரக்கட்டை போலருக்கு." "சபாஷ்" என்று சொல்லிவிட்டு வலப்பக்கம் ஒதுக்குவார். ஊருக்குப் போய் அவர்கள் ஓவிடைப் போல ஒரு ஆசானை எங்கும் பார்த்ததில்லை என்று நாலு பேரிடம் சொல்ல, இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

மஞ்சள் விளக்கைக் கொல்லையில் நின்ற படகில் மாட்டும்போது அவர் மனைவி எலோடி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ கிழவா, ஓட்டை இங்க இருக்கு. நீ திருகாணிய எங்க கொண்டுபோய் முட்டற?"

"வெயில் கூசுது."

அவள் இறங்கிவந்து திருகாணியை வாங்கி இரண்டு நிமிடத்தில் முடுக்கிவிட்டாள். திருப்புளியை அவர் கையில் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

"விளக்கு பெருசாகப் பெருசாக நீ ஏன் இன்னும் முழிக்கிற?"

"பனிடி."

"நம்ம சமையக்கட்டுலயும் பனியா? நேத்து காபியக் கோப்பைக்கு வெளிய ஊத்துன. நான் தொடச்சேன்."

"வாய மூடு! நாப்பது வருஷமா இந்தச் சதுப்புல ஓட்டறவன் நான்!"

"நீ கத்தினா பயந்திருக்கன்னு அர்த்தம். அதுவும் நாப்பது வருஷமா எனக்குத் தெரியும்." அவள் குரல் இறங்கியது. "டாக்டருக்கு நானே போன் பண்றேன். கூட வர்றேன். கையப் புடிச்சுக்கறேன்."

"சீசன் முடியட்டும் எலோடி."

"சீசன் முந்தி முடியுதா, நீ முந்தி முடியறியான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அன்று சாப்பாட்டை மேஜையில் வைத்தாளே தவிர, கூட உட்காரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஹூஸ்டனிலிருந்து வந்த ஹார்லன் என்ற பல் டாக்டரும் அவருடைய மைத்துனரும் படகில் ஏறினார்கள். பனி எக்கச்சக்கம். துறையில் நின்றாலே தன் படகின் மூக்கு தனக்குத் தெரியாத அளவுக்குப் பனி. நல்ல காலத்து ஓவிடாக இருந்தால் காபி குடித்துக்கொண்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருப்பார். இப்போது உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்தார் என்று யாராவது கேட்பார்களோ என்று பயந்தார். பயந்தவன்தான் எப்போதும் முதலில் கிளம்புவான். புறப்பட்டார்.

மஞ்சள் விளக்கு கொஞ்சம் பரவாயில்லை. வெள்ளைச் சுவருக்குப் பதில் மஞ்சள் சுவர். பத்து நிமிடம் நேர்க் கால்வாயை என்ஜின் சத்தத்தை எண்ணிக்கொண்டே கடந்தார். இனி முச்சந்தி. அங்கே இடப்பக்கம் எண்ணெய்க் கம்பெனிக்காரர் ஒருவர் தண்ணீரில் தூண் நட்டுக் கட்டிய வீடு. அதன் படித்துறையில் ராத்திரி முழுக்க ஒரு விளக்கு எரியும். அதை இடது கைப்பக்கம் விட்டு வலது வாய்க்காலில் திரும்ப வேண்டும்.

"ஓவிட், ஒரு வெளிச்சம் தெரியுது" என்றார் கைவிளக்கோடு முன்னால் உட்கார்ந்திருந்த ஹார்லன்.

ஓவிடுக்கும் தெரிந்தது. ஒரு சின்னப் பஞ்சுப் பொதி. "என்ன வெளிச்சம்னு நெனக்கிறீங்க?"

"தெரியலயே. வெள்ளையா, சின்னதா இருக்கு."

"வீட்டுப் படித்துறை" என்றார் ஓவிட். ஆசான் குரலில்தான் சொன்னார். வீட்டு விளக்கு இவ்வளவு தாழ்வாகவா இருக்கும்? வேகத்தைக் குறைக்கலாமா? குறைத்தால் இந்த டாக்டர் என்ன நினைப்பார்? அந்த ஒரு நொடி யோசனையில் படகு முப்பதடி ஓடிவிட்டது.

"டேய்! பாருடா! பாருடா!"

பனிக்குள்ளிருந்து வந்த குரல். ஓவிட் சுக்கானை உடம்போடு சேர்த்து இழுத்தார். படகு சாய்ந்தது. எதிரே நின்ற படகின் மேல் நேராக ஏறவில்லை, பக்கவாட்டில் உரசிக்கொண்டு போனது. தகரம் கிழிகிற சத்தமும், தண்ணீரில் ஒரு ஆள் விழுகிற சத்தமும் சேர்ந்தே கேட்டன. என்ஜினை அணைத்தார். அதற்குப் பிறகு வந்த அமைதியைப் போல ஒன்றை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. மார்பு வரை ரப்பர் கால்சட்டை போட்டவன் தண்ணீரில் விழுந்தால் அது நிரம்பி ஆளைக் கல்லாக இழுத்துக்கொண்டு போகும். அது அவருக்குத் தெரியும். யார் விழுந்தார்கள் என்பதும் குரலிலேயே தெரிந்துவிட்டது.

"அல்சே! அல்சே! கத்துடா, நீ எங்க இருக்கன்னு கத்து!"

மைத்துனர்தான் முதலில் பார்த்தார். மூன்று பேருமாகச் சேர்ந்து அல்சேயைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டார்கள். சின்ன வயதிலிருந்து ஓவிடோடு திரிந்தவர், இன்னொரு வழிகாட்டி. வலது கை முழங்கைக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. தண்ணீரைக் கக்கினார். மூச்சு வந்ததும் முதல் வேலையாக ஓவிடைத் திட்டவில்லை. "புல்லு சுத்திக்கிச்சுடா" என்றார். "என்ஜின் காத்தாடியச் சுத்தம் பண்ணக் குனிஞ்சேன்."

துறைக்குத் திரும்பி வருவதற்குள் வெளுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும் முன்பே வனவிலங்கு அதிகாரி லெனா பிரூ வந்து நின்றாள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஓவிடின் தோளைப் பிடித்தபடி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார் அல்சே.

"என் தப்புதான் மேடம்" என்றார் அவர். "பின்விளக்குல காபி டப்பா போட்டிருந்தேன். போதாததுக்குக் குனிஞ்சு நின்னு உடம்பாலயும் மறைச்சுட்டேன். பாவம், ஓவிட் என்ன பண்ணுவான்?"

"டப்பா போடறது குற்றம்னு எத்தன தடவ சொல்லிருக்கேன் அல்சே? எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க."

ஹார்லன் முகமெல்லாம் வெளிறிப்போய் முன்னால் வந்தார். "என் மேலயும் தப்பு இருக்கு. விளக்கு என் கையிலதான் இருந்துச்சு. வெளிச்சத்தப் பாத்தேன். படகுன்னு புரிஞ்சுக்கத் தெரியல எனக்கு. ஓவிட் என்னைய நம்பிக் குடுத்த வேல அது."

ஓவிட் நடுவில் நின்றார். இரண்டு பக்கமும் இரண்டு பேர் அவருடைய பழியை ஆளுக்குப் பாதியாகத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். லெனா எழுதிக்கொண்டிருந்தாள். படகு போகும், உரிமம் போகும், கத்தி கண்ணுக்கு நேரே வரும் என்று நினைத்தார். தண்ணீரில் அல்சேயைக் காணாமல் கத்தியபோது இருந்த பயத்துக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்றும் நினைத்தார்.

"டப்பாவால இல்ல மேடம்" என்றார். "வெளிச்சம் எனக்கும் தெரிஞ்சுது. அது பக்கமா தூரமான்னு எனக்குத் தெரியாது. எந்த விளக்கும் எனக்கு அப்படித்தான். கண்ணுல புரை. இந்தப் பல் டாக்டர் மேல ஒரு தப்பும் இல்ல. பாக்கவே முடியாதவனுக்கு அவர் என்னன்னு சொல்லிக் குடுப்பார்?"

லெனாவின் பேனா நின்றது. அல்சே ஓவிடின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளா?" என்றாள் லெனா.

"ரெண்டு வருஷம்."

அல்சே அவர் பக்கம் திரும்பினார். "போன ஜனவரில என் மகளையும் மருமகனையும் உன் படகுல அனுப்பி வெச்சேனே. அன்னைக்கும் இதே மாதிரி பனி."

"ஆமா."

"பயமா இருந்துச்சா உனக்கு?"

"வழியெல்லாம் கை நடுங்கிட்டே இருந்துச்சு அல்சே. ஒருத்தருக்கும் தெரியாம தொடைக்கு நடுவுல வெச்சு அமுக்கிக்கிட்டேன்."

"அவ வந்து என்ன சொன்னா தெரியுமா?" என்றார் அல்சே. "ஓவிட் மாமா படகுன்னு தெரிஞ்சதும் நிம்மதியாத் தூங்கிட்டேன்ப்பா, குளம் வந்தப்புறந்தான் எழுப்பினாருன்னு சொன்னா."

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினார்கள். ஓவிட் உதவிக்கு ஓரடி முன்னால் வந்தார். அல்சே நல்ல கையை நீட்டி, வேண்டாம் என்று தடுத்துவிட்டு நடந்தார்.