பாறை அக்காவின் பிட்

ஒவ்வோர் ஆட்டமும் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பாறை அக்கா மணிக்கட்டில் வெள்ளைப் பட்டையைச் சுற்றி, அதில் பேனாவால் எழுதுவாள்: கிழமை, எதிரணியின் சட்டை நிறம், போன ஆட்டத்தின் முடிவு. தலையில் அடிபட்டால் முதலுதவிக்காரத் தம்பி கேட்கும் மூன்று கேள்விகளுக்கு விடைகள். மற்ற பத்துப் பேரும் என்ன எழுதுகிறோம் என்று படிக்காமலே அவள் கையைப் பார்த்துக் காப்பியடிப்பார்கள்.

"தலை சுத்துதுன்னு சொன்னா ரெண்டு வாரம் உக்காரணும்டி. உக்காந்தவ எடத்துல இன்னொருத்தி நிப்பா" என்பாள் அக்கா.

சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறாள். வயது முப்பத்தாறு. பெண்கள் கால்பந்து அணியின் பின்வரிசையில் அவள் நின்றால், பந்து தலைக்கு வராவிட்டாலும் தலை பந்துக்குப் போகும். யாருக்காவது கால் சுளுக்கினால் தைலம் தடவிவிடுவாள். தலைவலி என்றால் மட்டும், "என்ன மகாராணி, பல்லக்கு வரச் சொல்லவா?" அந்த வாய்க்குப் பயந்தே அணியில் யாருக்கும் தலை வலிப்பதில்லை.

வியாழக்கிழமை, நீலச் சட்டை அணியோடு பயிற்சி ஆட்டம். கோல் கம்பத்தில் போய் மோதினாள். "கம்பத்துக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டுவிட்டு எழுந்து ஆடினாள். மறுநாள் கடை விளக்கை அணைத்துவிட்டு இஸ்திரி போட்டாளாம். ஒரே சட்டையை மூன்று முறை.

ஞாயிறன்று அரையிறுதி. பச்சைச் சட்டைக்காரி ஒருத்தியோடு தலை முட்டி விழுந்தாள். தம்பி ஓடிவந்தான்.

"இன்னைக்கு என்ன கிழமைக்கா?"

அக்கா ஓரக்கண்ணால் மணிக்கட்டைப் பார்த்தாள். "வியாழன்."

"யாரோட ஆடுறோம்?"

"நீலச் சட்டை."

சுற்றிலும் பச்சைச் சட்டைகள் நின்றன. கேப்டன் பாய்ந்து வந்தாள். "அக்கா சரியாத்தான் சொல்றாங்க, விடு தம்பி!"

"அப்ப நீங்க சொல்லுங்க. என்ன கிழமை?"

கேப்டனும் கையைப் பார்த்தாள். "வியாழன்."

கோல்கீப்பர் தன் கையைப் பார்த்து, ஆமாம் என்றாள். அணி முழுவதற்கும் வியாழன்! பச்சைச் சட்டைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

தம்பி சிரிக்கவில்லை. "இத எப்ப எழுதுனீங்க?"

"இப்பத்தான், ஆட்டத்துக்கு முன்னால" என்ற கேப்டனின் குரல் பாதியில் இறங்கிவிட்டது. இந்த அடி விழுவதற்கு முன்பே அக்காவுக்குக் கிழமை தவறியிருக்கிறது.

"அக்கா, இதுக்கு மேல இன்னொரு அடி பட்டா ஆபத்து. கையப் பாக்காம சொல்லுங்க. தலை எப்படி இருக்கு?"

பத்துப் பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அக்கா குனிந்து ஷூ நாடாவைப் பிடிக்கப் போனாள். விரல்கள் ஓர் அங்குலம் தள்ளிக் காற்றைப் பிடித்தன. மறுபடியும் காற்று.

"நாடா ரெண்டு ரெண்டாத் தெரியுது தம்பி. எத இழுத்தா அவிழுமோ நீயே இழு" என்று காலைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.