நேர்ந்துவிட்ட சேவல்

பழவேற்காட்டில் அம்மன் கோயிலுக்கு எதிரே நண்டு விற்கும் அந்த அம்மாவை நான் முதலில் பார்த்தபோது, மடியில் ஒரு சேவல் சீக்கு வந்து கழுத்து தொங்கிக் கிடந்தது. ஆடித் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்டதாம். நண்டு கிள்ளித் தழும்பேறிய விரல்களால் அதன் அலகைத் திறந்து, இடித்த மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்து உருட்டி ஊட்டினார். நான் விலை கேட்டது காதிலேயே விழவில்லை.

“முழுங்குடா நைனா, முழுங்கு.”

திருவிழா முடிந்து மறுபடி போனேன். கூடை மேல் நின்று கூவிய சேவல், இறங்கி வந்து என் காலைக் கொத்தியது.

“இன்னாம்மா, இத காவு குடுக்கலியா?”

“சீக்கு இன்னும் தெளியல சார். சீக்குக் கோழிய அம்மனுக்குக் குடுக்கலாமா?”

எதிரே இருக்கும் கோயிலுக்குக் கேட்கட்டும் என்பதுபோல் உரக்கவே சொன்னார். பிறகு, திமிறிய சேவலை இழுத்து மடியில் அமுக்கி, இன்னொரு மருந்து உருண்டையை ஊட்டினார்.