இரண்டு முறை கழித்த மூன்று விநாடி

டமால் அக்கா என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். வாணவேடிக்கைப் பட்டறையில் குழாய் துடைக்கச் சேர்ந்து, கடைசியில் அந்தப் பட்டறையையே கைக்குள் கொண்டுவந்தவள். தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டாள். கடிகாரத்தைக்கூட இன்னொரு கடிகாரத்தை வைத்துத்தான் நம்புவாள். பாட்டோடு சேர்த்து வெடி விடும் உலகப் போட்டிக்கு இப்போதுதான் முதல் அழைப்பு வந்திருந்தது. "கோப்பை நமக்குத்தான்" என்று அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

எந்தக் குண்டு எப்போது வானில் பூக்க வேண்டும் என்று வரைவது அக்கா. மாடி அறையில், சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய போர்வையை ஆணியடித்துக்கொண்டு, பாட்டைச் செதுக்கி அந்த நேரங்களைக் கணினியில் ஏற்றுவது தங்கை. குண்டு குழாயை விட்டுக் கிளம்பி மேலே போய் விரிய மூன்று விநாடி ஆகும். அதற்குப் பட்டறையில் 'ஏற்றம்' என்று பேர். பாட்டில் முரசடி விழும்போது பூ விரிய வேண்டுமானால், ஏற்றத்தைக் கழித்துவிட்டு முன்னாலேயே பற்றவைக்க வேண்டும். போன வருஷம் ஒரு விழாவில், அவள் கழிப்பாள் என்று இவளும் இவள் கழிப்பாள் என்று அவளும் இருந்துவிட்டார்கள். பாட்டு முன்னால் போக, வெடி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடியது. ஊரே சிரித்தது. அதன்பிறகு அக்காவும் தங்கையும் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வருஷ ஒத்திகையில் பாட்டு வாயே திறக்கவில்லை. அதற்குள் மேலே பூ விரிந்துவிட்டது.

"யாராவது பாட்டைக் கூப்பிடுங்கப்பா, வெடி காத்துக்கிட்டு நிக்குது" என்றார் குழாய் நடுகிற அண்ணன்.

அக்காவுக்குப் புரிந்துபோயிற்று. அவள் யாரிடமும் சொல்லாமல் ஏற்றத்தைக் கழித்திருந்தாள். மாடியில் இருக்கிற அந்தப் புண்ணியவதியும் சொல்லாமல் கழித்திருக்கிறாள். பட்டறைக்குத் திரும்பியதும் மூன்றைக் கூட்டிவிடப் பேனாவை எடுத்தவள், சட்டென்று நிறுத்தினாள். மாடியில் அவளும் இதைத்தானே செய்துகொண்டிருப்பாள்? இரண்டு பேரும் கூட்டினால் வெடி மறுபடி பின்னால்தான் ஓடும். படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

"கை வைக்காதே!"

"வச்சுட்டேன். இப்பதான் மூணு கூட்டினேன்." தங்கை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கழிச்சிருக்கலாம்ல? என் வேலையை நீ நம்புனதே இல்லக்கா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. வெளிநாட்டுக் குழு ஒன்று தங்கையை வேலைக்குக் கேட்டிருப்பது அவளுக்குத் தெரியும். போட்டி போனால் இன்னொரு போட்டி வரும். இவள் போய்விட்டால்?

"ஏற்றம் இனிமே உன்னோடது. பூக்குற நேரத்தை மட்டும்தான் நான் தருவேன். நீ போட்ட கணக்கை எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்."

"நீயா?" என்று சிரித்தாள் தங்கை. நம்பவில்லை.

போட்டி நாள் மாலையில், முன்பக்கம் திறந்த தகரக் கொட்டகைக்குள் அக்காவின் விரல் பொத்தான்மேல் இருந்தது.

"எல்லாத்தையும் சரிபார்த்துட்டேல்ல?" என்றாள் தங்கை.

"இல்லை."

"விளையாடாதக்கா! நீ எப்படியும் திருட்டுத்தனமாப் பார்த்துருவேன்னு நான் மறுபடி பார்க்கவே இல்லையே!"

"ஒரு தடவை பார்த்தேல்ல? போதும்." அக்கா அழுத்திவிட்டாள்.

குண்டு சீறிக் கிளம்பியது. தங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்போதும் அவளுடைய கணினித் திரைப்பக்கம் அக்கா திரும்பவில்லை. முரசு விழுந்த அதே நொடியில் வானம் பொன்னாக விரிந்தது.

"கண்ணைத் திறடி. உன் கணக்கு மேலே நிக்குது, பாரு."

தங்கை வானத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அந்த வேலைக்கு நான் போகலக்கா."

"சரி, அழுறதைப் பாட்டு முடிஞ்சதும் அழு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அக்கா. "அடுத்த முரசு வருது."