துளசிராமன் கோச்சாக இருந்த பத்து வருஷம்

துளசிராமன் 1965-ல் பொன்னேரிக்கு வடக்கே இருந்த பம்பு செட் கம்பெனியில் டைம் கீப்பராகச் சேர்ந்தார். உண்மையில் அவரை வேலைக்கு எடுத்தது ஃபுட்பாலுக்காக. பட்டாளத்தில் ஒன்பது வருஷம் ஆடியவர் அவர். முதலாளி ராஜமாணிக்கம் ஒரு டீம் வைத்திருந்தார், மெட்ராஸ் லீகில் ஆடுகிற டீம். அதற்கு ஒரு கோச் வேண்டியிருந்தது. நான் அதில் லெஃப்ட் பேக். மூன்று மணி வரை லேத்தில் வேலை, அதற்குமேல் கம்பெனிக்குப் பின்னாலிருந்த மைதானம்.

முதலாளி வாழ்நாளில் ஒருநாளும் பந்தை உதைத்தவரில்லை. ஆனாலும் அதன்மேல் அவருக்கு உயிர். மழையானாலும் கோட்டோரம் நாற்காலி போட்டுக் குடைபிடித்து உட்கார்ந்திருப்பார். எங்களுக்குத் தினமும் முட்டையும் பாலும் கிடைத்தது அவரால்தான். கல்கத்தாவிலிருந்து பூட்ஸ் வரவழைத்துக் கொடுத்தார். எனக்கு அதற்குமுன் பூட்ஸ் போட்டுப் பழக்கமே இல்லை.

மூன்றாவது வருஷம் முதலாளியின் மச்சான் மகன் ரைட் விங்கில் ஆட வந்தான். ஓடினால் மூச்சு வாங்கும். துளசிராமன் மறுக்காமல் சேர்த்துக்கொண்டார். "ஒரு எடம்தானே, போவுது. மீதி பத்து பேரு நம்ம கையில கீறானுங்க" என்று என்னிடம் சொன்னார். அடுத்த வருஷம் கோல்கீப்பரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். 1972-ல் என்னைக் கேப்டனாக்கியதும் முதலாளிதான். அது நியாயமில்லையென்று எனக்கே தெரியும், ஆனால் வேண்டாமென்று நான் சொல்லவில்லை.

அப்பாவுவைக் கண்டுபிடித்தது மட்டும் துளசிராமன். 1970-ல் பொன்னேரிச் சந்தை மைதானத்தில் நடந்த ஒரு போட்டியில், வெறுங்காலோடு ஆடிய காட்டுப்பள்ளி மீனவப் பையன் நான்கு கோல் போட்டான். மறுநாளே துளசிராமன் பஸ்ஸும் தோணியுமாக அவன் ஊருக்குப் போனார். அவன் அம்மா கங்கம்மாள் ஒற்றை மகனை அனுப்பப் பயந்தாள். "ரெண்டே வருசத்துல பர்மனெண்ட் ஆக்கிருவாங்கம்மா. நான் பொறுப்பு" என்று சொல்லிக் கூட்டிவந்தார். பேக்கிங் செக்‌ஷனில் தற்காலிக வேலை. மற்ற ஆட்டக்காரர்களும் பெரும்பாலும் தற்காலிகம்தான். என்னைப்போல லேத்தில் இருந்த இரண்டொருவர் மட்டும் பர்மனெண்ட்.

ரெண்டு வருஷம் முடிகிற சமயம் அப்பாவுவுக்கு வலது முட்டி வீங்கியது. அந்த வாரம்தான் முதல் டிவிஷனுக்குப் போவதா இல்லையா என்று முடிவாகிற ஆட்டம். பம்பாயிலிருந்து பெரிய வியாபாரிகள் பார்க்க வருவதாக இருந்தது. முதலாளி துளசிராமனையும் கேப்டன் என்பதால் என்னையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"அப்பாவு ஆட முடியாது சார்" என்றார் துளசிராமன். "முட்டி வீங்கிக்கினு கீது. டாக்டரு மூணு வாரம் நடக்கவே கூடாதுன்னுட்டாரு."

"இறுக்கிக் கட்டுப்போட்டு ஆடட்டும். வர்றவங்க அவனைப் பாக்கத்தான் வராங்க."

"யாரு ஆடணும்ங்கறத எங்கிட்ட வுட்ருங்க சார். ஜெயிக்கறதுக்கு நான் வழி பாக்கறேன்."

"துளசி, டீம் யாருது?"

"உங்களுதுதான் சார். முட்டி அவனுது."

முதலாளி கோபப்படவில்லை, சிரித்தார். "அப்ப அவனையே கேட்டுடலாமே" என்று ஆளனுப்பினார்.

அப்பாவு நொண்டாமல் நடக்கப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"ஆடறியா? ஜெயிச்சுக் குடு, அடுத்த மாசமே பர்மனெண்ட் பண்றேன்."

அவன் துளசிராமனைப் பார்த்தான். அவர் வேண்டாமென்று தலையாட்டினார்.

"ஆடறேன் மொதலாளி" என்றான்.

வெளியே வந்ததும் துளசிராமன் அவன் தோளைப் பிடித்தார். "இன்னாடா இப்டி பண்ட்ட?"

"மாஸ்டர், ரெண்டு வருசமா நீங்களும்தான் பர்மனெண்ட்டு பர்மனெண்ட்டுன்னு சொல்லிக்கினு கீறீங்க. உங்களால குடுக்க முடியுமா? அவரால முடியும்."

துளசிராமன் தோளை விட்டுவிட்டார்.

ஆட்டத்தில் பதினைந்தாவது நிமிஷமே அப்பாவு தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். இடைவேளையில் முட்டி பூசணிக்காய்போல இருந்தது. துளசிராமன் மாற்று ஆளை பூட்ஸ் மாட்டச் சொன்னார். முதலாளி எங்கள் பக்கமே வந்தார். "ஒருத்தனும் வெளிய வரக்கூடாது. இவன் சும்மா நின்னாலே போதும், அவங்க ஆளு ரெண்டு பேரு இவங்கூடவே சுத்துவாங்க." அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மாற்று ஆள் பூட்ஸைக் கழற்றினான்.

இரண்டாம் பாதியில் அப்பாவு ஒருமுறை விழுந்து தானாக எழுந்தான். துளசிராமன் பெஞ்சை விட்டெழுந்து, ஆளை மாற்ற ரெஃப்ரீயை நோக்கிக் கையைத் தூக்கினார். நாற்காலியிலிருந்து முதலாளி திரும்பிப் பார்த்தார். தூக்கிய கை அப்படியே இறங்கிப் பின்கழுத்தைத் தடவியது. துளசிராமன் உட்கார்ந்துவிட்டார். கோட்டுக்கு உள்ளே ஆடிக்கொண்டிருந்த நான் அதைப் பார்த்தேன். நானாவது ரெஃப்ரீயிடம் சொல்லியிருக்கலாம்.

பத்து நிமிஷம் கழித்து எதிராளி ஒருவன் அப்பாவு காலின்மேல் விழுந்தான். அப்பாவு எழுந்திருக்கவில்லை. ஒன்றுக்கு சைபரில் நாங்கள் ஜெயித்தோம். முதலாளிக்கு மாலை போட்டார்கள்.

ஆபரேஷன் செலவு முழுக்க முதலாளி ஏற்றுக்கொண்டார். இரண்டு தடவை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். கால் மடங்காமலே போய்விட்டது. நாள்முழுக்க நின்று செய்கிற பேக்கிங் வேலைக்கு உடல்தகுதி இல்லையென்று மேனேஜர் எழுதினார். பர்மனெண்ட் பேச்சு எடுபடவில்லை. துளசிராமன் கெஞ்சிக் கேட்டதற்கு, "ரூல்ஸ் அப்படி இருக்கே, நான் என்ன பண்றது" என்றார் முதலாளி.

துளசிராமன் அவனுக்கு வாட்ச்மேன் வேலையாவது கேட்டுப் பார்த்தார். அதுவும் இல்லை. "டீமுக்கு நான் வெச்ச ரூல்ஸ மட்டும் நாளுக்கு ஒண்ணா மாத்தினீங்களேன்னு வாய்வரிக்கும் வந்துச்சு" என்று மெட்ராஸுக்கு ஆட்டத்துக்குப் போகிற ரயிலில் என்னிடம் சொன்னார். "கேட்டீங்களா?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பாவுவை ஊரில் விடப்போனபோது நானும் கூடப் போனேன். கங்கம்மாள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துத்தான் போனோம். அவள் மகனைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்தாள். பிறகு துளசிராமனிடம், "நீ இன்னா பண்ணுவ நைனா, நீயும் கூலிக்காரந்தானே" என்றாள். சோறும் மீன்குழம்பும் போட்டாள். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கைகழுவினார்.

வேலையை விட்டுவிடுவதாக ஒரு கடிதம் எழுதினார். அவர் மனைவி சந்திரகலா படித்துப் பார்த்துவிட்டு, "இங்கேந்து போனா எங்க போவீங்க?" என்று கேட்டாளாம். அண்ணன் தம்பி நான்கு பேர் பிரித்துக்கொண்ட நிலத்தில் அவர் பங்கு ஒரு குடும்பத்துக்குப் போதாது. கடிதம் ஆபீசுக்குப் போகவில்லை.

பிறகு மூன்று வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் ஆபீசிலிருந்து பதினோரு பேர் பட்டியல் டைப் அடித்து வரும். துளசிராமன் அதை எங்களுக்குப் படித்துக் காட்டுவார். யார் எங்கே நிற்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். முதல் டிவிஷனில் ஒரே வருஷம் தாங்கினோம்.

1975-ல் கம்பெனி முதலாளியின் மகன் கைக்குப் போனது. டீம் தேவையில்லாத செலவு என்று ஒருவரி நோட்டீஸ் ஒட்டினார்கள். தற்காலிக ஆட்டக்காரர்கள் பதினான்கு பேரையும் அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். மைதானத்தில் குடோன் கட்டக் கல் வந்து இறங்கியது. முதலாளி கேட்டருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னை ஒரு வார்த்தை கேக்கல துளசி" என்றார். துளசிராமன் அவருக்குச் சமமாக நின்று கொஞ்சநேரம் கல்லைப் பார்த்தார். பிறகு சங்கு ஊதியதும் டைம் அட்டைகளைச் சரிபார்க்க உள்ளே போய்விட்டார்.

மாதத்துக்கு ஒருமுறை காட்டுப்பள்ளிக்குப் போய்வருவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. மடங்காத காலோடு அப்பாவுவால் படகில் நிற்க முடியாது. கரையில் பெண்களோடு உட்கார்ந்து இறால் பிரித்தான். இவர் போனால் பேசுவதற்கும் அதிகமாக ஒன்றும் இருக்காதாம்.

1978-ல் ஒருநாள் பொன்னேரிச் சந்தையில் அப்பாவுவின் ஊர்க்காரர் என்னைக் கண்டு ஒரு செய்தி சொன்னார். "மாஸ்டர இனிமே வரவாணாம்னு சொல்லச் சொன்னான். அவரு வந்துட்டுப் போனா அவங்கம்மா அன்னிக்கு முச்சூடும் அழுவுது."

மறுநாள் நான் அதை துளசிராமனிடம் சொன்னேன். "சரி" என்றார். அதற்குப் பிறகு அவர் போகவில்லை.