கல் பொறுக்கிய அரிசி

கடையில் வாங்கிய பையைக் கத்தரித்து, அரிசியை நேராகக் குக்கரில் கொட்டுகிறாள் என் மனைவி. "கல்லு கில்லு கெடக்கப் போகுது, பாரு" என்றால் சிரிக்கிறாள். "இப்ப எந்த அரிசியில கல்லு வருது?" அவள் சொல்வது சரிதான். ஆனாலும் அந்தத் தவிட்டு வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இடது மணிக்கட்டு கூசும். மூக்குக்கும் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

போடியில் நகை செய்கிற ஆசாரிக் குடும்பம் எங்களுடையது. எங்களுக்கும் பூணூல் கல்யாணம் உண்டு என்றால் வகுப்பில் ஒருவனும் நம்பவில்லை. சட்டையைத் தூக்கிக் காட்டி அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்பதே அப்போது என் பக்தி. எனக்குப் பதினொரு வயது. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டில் இருந்தோம்.

பூணூல் போட்டதும் பையன் தட்டேந்தி அரிசிப் பிச்சை கேட்க வேண்டும். முதல் பிச்சை பெற்றவள் போடுவது. அந்த அரிசிக்காக அம்மா பத்து நாளாகச் சுளகும் கையுமாக இருந்தாள். நெல், உமி, கல் எல்லாம் போக, உடையாத அரிசியை மட்டும் தனிப் பானையில் சேர்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை எதிரே நிறுத்துவாள்.

"கேளுய்யா."

"பவதி பிக்ஷாம் தேஹி."

"என்ன முணுமுணுக்குற? கடைசி ஆளுக்கும் கேக்கணும்." ஒரு பிடி அரிசியை என் தட்டில் போட்டுவிட்டுச் சிரிப்பாள். அப்பா போன பிறகு அவள் சிரித்தது அந்தப் பத்து நாள்தான்.

பெரியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. தாலியில்லாதவள் முதலில் போட்டால் பையனுக்கு ஆகாது என்றாள். உத்தமபாளையத்திலிருந்து வந்த புரோகிதர் அதற்கு மசியவில்லை. பெற்றவளுக்குத் தடையில்லை, பையன் யார் முன்னால் போய் நிற்கிறானோ அவர்களே போடட்டும் என்று சொல்லிவிட்டார். அதோடு விஷயம் என் தலையில் வந்து விழுந்தது.

பூணூலுக்கு முதல் நாள் சாயங்காலம் பெரியம்மா என்னைப் பட்டறைக்குள் கூப்பிட்டாள். "ஏலே, பெரியம்மாகிட்ட வந்து கேளு. அரிசிக்குள்ள வாட்சு இருக்கும். ஒங்க பெரியப்பா மதுரையில வாங்கியாந்தாக."

என் வகுப்பில் யாரிடமும் வாட்ச் கிடையாது. இதற்கு மேல் என் தரப்பில் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் மொட்டைத் தலையும் மஞ்சள் வேட்டியுமாகத் தட்டோடு எழுந்தேன். அடுப்படி வாசலில் அம்மா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் பெரியம்மா. கூடம் முழுக்க என் காலையே பார்த்தது. கால் பெரியம்மாவிடம் போனது. கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி கணீரென்று கேட்டேன்.

பெரியம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். வாட்சை நினைத்தவள் அரிசியை மறந்திருந்தாள். அம்மா முன்னால் வந்து பானையை அவள் கையில் கொடுத்தாள். "இந்தாங்கக்கா, கல்லில்லாத அரிசி. போடுங்க." கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் அந்த அரிசியைப் பொங்கி எனக்குப் பரிமாறியதும் அம்மாதான். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. வாட்ச் கட்டியிருந்த என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"மணி என்னய்யா?"

எனக்கு மணி பார்க்கத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். ஒரு கல்லாவது கடிபடாதா என்று ஒவ்வொரு வாயையும் மென்று பார்த்தேன். படவேயில்லை.

அந்த வாட்ச் ஐந்தாறு வருஷம் ஓடி நின்றது. பட்டறை பெரியப்பாவோடு போயிற்று. அம்மா அந்த நாளைப் பற்றிச் சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போது சுளகு கிடையாது. அரிசியிலும் கல் கிடையாது. எல்லாச் சோறும் அன்றைய சோறு மாதிரியே இருக்கிறது.