பூவம்மா அறுத்த இருபது ஜிலேபி

மாதவரத்தைத் தாண்டி, ஆற்று வெள்ளம் வந்து தங்கும் ஓர் ஏரிக்கரையில் பூவம்மா மீன் வெட்டிக் கொடுப்பாள். அவள் அருவாமனை முன் உட்கார்ந்தாலே மீன் தானாக வயிற்றைத் திறந்துவிடும் என்பார்கள். அது பொய். பாதிதான் திறக்கும், மீதியை அவள்தான் அறுக்க வேண்டும்.

இருபது வருஷம் அறுத்ததில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. வடகரை வெறும் தண்ணீர். அங்கே பிடித்த மீனின் குடலில் சேறு. தென்கரை முழுக்கப் பாசி. அந்த மீன் வயிற்றில் நத்தை, புழு, பூச்சி. குஞ்சு மீன்கள் ஒளிவதும் அங்கேதான். குஞ்சுகளை விழுங்கும் விராலும் அங்கேதான். விராலுக்காக வருகிறவர்களை நம்பித்தான் பூவம்மா வீட்டில் அடுப்பு எரிந்தது.

2002இல் மீனவர் சங்கத் தலைவர் அப்பாவு, வலை மாட்டுகிறதென்று பாசியை முழுக்க வாரிவிடத் தீர்மானித்தார்.

“பாசி போனா விராலும் பூடும் அப்பாவு.”

“மீனு வந்து உன்னாண்ட சொல்லிச்சாக்கா?”

“வவுறு சொல்லுது. எந்த மீனைன்னா குடு, எந்தக் கரைன்னு சொல்றேன்.”

“ஒண்ணு தப்பினாலும் வாரிடுவேன். அப்பால பேஜாரு பண்ணக்கூடாது.”

மறுநாள் காலையில் இரு கரையிலும் பிடித்த இருபது ஜிலேபி மீன்களைக் கொண்டுவந்தார். வடகரை மீன்களின் வாய்க்குள் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தார். பூவம்மா வாயைப் பார்க்கவில்லை. வயிற்றை அறுத்து, குடலை விரலால் பிரித்து, கரையைச் சொன்னாள். பத்தொன்பது சரி. இருபதாவதில் பூச்சி.

“தென்கரை.”

அப்பாவு வாயைத் திறந்து காட்டினார். சிவப்பு நூல். சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

“அவ்ளோதான்க்கா. பாசி காலி.”

“இத்த எங்க புட்ச?”

“மதகாண்ட. தூண்டில்ல.”

“வா, காட்டு.”

கையைக்கூடக் கழுவாமல் தோணியில் ஏறினாள். வடகரை மதகுச் சுவரோரம் ஒரு கட்டில் அகலத்துக்குப் பாசி தழைத்திருந்தது. அப்பாவு அந்தச் சுவர்மேல் நின்றுதான் தூண்டில் போட்டிருக்கிறார், கீழே பார்க்கவில்லை.

“கரை தப்புதான் நைனா. வவுறு தப்பல. மீனு கரைய பாத்தா துன்னுது? அங்க கீறத துன்னுது.”

அப்பாவு ஒரு கொத்துப் பாசியை வாரிப் பார்த்தார், உள்ளே பூச்சி நெளிந்தது. பந்தயப்படி அவர் ஜெயித்துவிட்டார். ஆனாலும் தென்கரையில் தோணி போக ஒரு சந்து மட்டும் வாரினார். மீதிப் பாசி நின்றது, விராலும் நின்றது.

அதற்கப்புறம் வலை தூக்கும் நாளெல்லாம் முதல் மீனை அவள் முன்னால் போட்டு, “இன்னா சொல்து?” என்பார்.

“உன் வலை ஓட்டையா கீதுன்னு சொல்து,” என்பாள் பூவம்மா.